கடல் கிணற்றில் மனிதப் பிழை: எண்ணால் அளப்பதா, வரைந்து காட்டுவதா, கூடவே நடந்து பார்ப்பதா?

பருவமழை ஓய்ந்து கடல் அடங்கியதும் மும்பை ஹை வயலில் கிணற்று வேலைகள் வேகம் பிடிக்கும். கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் மேற்கே, 1974-இல் சாகர் சாம்ராட் என்ற ரிக் (துளையிடும் மேடை) எண்ணெய் கண்டுபிடித்த வயல் அது. பழைய கிணறுகளைத் திறந்து சீர்செய்யும் வொர்க்ஓவர் வேலை அங்கே நிறைய. ரிக் வேலையைத் தொடங்கும் முன்னால் இடர் மதிப்பீட்டு அறிக்கை தயாராக வேண்டும். கடல்சார் பெட்ரோலியப் பணிகளுக்கான 2008-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளும் அதைக் கேட்கின்றன. செம்பூரிலும் முலுண்டிலும் குடியிருந்துகொண்டு பேலாப்பூர் அலுவலகங்களில் அந்த அறிக்கைகளை எழுதும் தமிழ்ப் பொறியாளர்கள் பலரை எனக்குத் தெரியும். தீ, வெடிப்பு, வால்வுக் கோளாறு ஆகிய பகுதிகளை அவர்கள் தயங்காமல் எழுதிவிடுவார்கள். மனிதப் பிழை என்ற பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிடும். ஆறு வாரமும் மூன்று ஆட்களும் மட்டுமே உள்ள ஒரு சிறிய குழு அந்தப் பகுதிக்கு எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

பரவலாக உள்ள வழிகள் மூன்று. தவறு நேரும் வாய்ப்பை எண்ணாகக் கணக்கிடுவது ஒன்று. ஆபத்துக்கும் விபத்துக்கும் நடுவே நிற்கும் தடைகளை வரைந்து, எந்தத் தடை மனிதரை நம்பியிருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து, வேலை நடக்கும் இடத்திலேயே படிப்படியாக நடந்து பார்ப்பது மூன்றாவது. இயந்திரத்திடம் விட்டுவிடலாமே என்ற நான்காவது யோசனையும் அவ்வப்போது எழும். அதைப் பின்னால் பார்க்கிறேன்.

கண்காணிப்பு அட்டைகளை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கையுறை போட்டாரா, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினாரா என்று குறிக்கும் அட்டைகள் விரலையும் முழங்காலையும் காப்பாற்றும். கிணற்றைக் காப்பாற்றாது. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் 2010 ஏப்ரல் 20 அன்று வெடித்தபோது, காயத்தால் ஒரு நாள்கூட வேலை இழக்காமல் ஏழு ஆண்டு கடந்ததைப் பாராட்டுவதற்காக மேலதிகாரிகள் அதே ரிக்கில் வந்திருந்தார்கள். அன்றிரவு 11 பேர் இறந்தார்கள்.

மூன்று வழிகளையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதே ரிக்கில் அன்று மாலை நடந்த எதிர்மறை அழுத்தச் சோதனையையே எடுத்துக்கொள்கிறேன். கிணறு தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, அடியில் சிமெண்ட் போட்டாயிற்று. உள்ளே நிற்கும் மட் என்ற கனமான துளையிடு சேறுதான் அதுவரை அடியிலுள்ள எண்ணெயையும் வாயுவையும் அழுத்தி வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்புவதற்கு முன்னால் சிமெண்ட் உண்மையிலேயே அடைத்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்காக மேலிருந்து அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்ப்பார்கள். அடைப்பு சரியாக இருந்தால் எதுவும் மேலே வராது, அழுத்தமும் ஏறாது. ஏறினால் கிணறு திறந்திருக்கிறது என்று பொருள்.

மகோண்டோ என்ற அந்தக் கிணற்றில் துளைக் குழாயின் மானி சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு அழுத்தம் காட்டியது. அதே கிணற்றோடு இணைந்த கில் லைன் என்ற சிறு குழாயிலோ ஓட்டமே இல்லை. இரண்டும் ஒரே கிணற்றின் நிலையைச் சொல்ல வேண்டியவை. முரணுக்கு மேடையில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டது: குழாயைச் சூழ்ந்த மட்டின் பாரம் அழுத்தமாகத் தெரிகிறதாம். அந்த விளக்கம் ஏற்கப்பட்டது. கில் லைனில் ஓட்டம் இல்லாததையே முடிவாக எடுத்துக்கொண்டு இரவு 8 மணியளவில் சோதனை வெற்றி என்று அறிவித்தார்கள். கடல்நீரை உள்ளே தள்ளும் வேலை தொடங்கியது. 9 மணிக்குப் பின் மானிகளில் அழுத்தம் ஏறத் தொடங்கியதை யாரும் பிடிக்கவில்லை. 9.40 வாக்கில் மட் மேடைக்கு மேல் பொங்கி வந்தது. 9.49-க்கு வெடித்தது. கிணற்றை அடக்க 87 நாள் ஆயிற்று.

எண்ணால் அளப்பது

அணுமின் நிலையங்களுக்காக ஆலன் ஸ்வெயினும் ஹென்ரி குட்மனும் 1983-இல் முழுமைப்படுத்திய தெர்ப் முறையும், 1980-களில் பிரிட்டனில் ஜெரி வில்லியம்ஸ் உருவாக்கிய ஹார்ட் முறையும் இந்த வகை. ஹார்ட் எளிது என்பதால் சிறு குழுக்கள் அதைத்தான் எடுப்பார்கள். வேலையை எட்டுப் பொது வகைகளில் ஒன்றில் பொருத்த வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் அடிப்படைப் பிழை வாய்ப்பு தரப்பட்டிருக்கிறது. நேர நெருக்கடி, தெளிவற்ற தகவல், சரிபார்க்க இன்னொருவர் இல்லாமை என்று நிலைமைகளுக்கு ஏற்பப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

மேலே சொன்ன சோதனைக்குப் போட்டுப் பார்ப்போம். எழுதிய நடைமுறையைப் பின்பற்றி, ஓரளவு சரிபார்ப்போடு நடக்கும் வேலை என்று கருதினால் அடிப்படை வாய்ப்பு 0.003. நேர நெருக்கடிக்கு உச்சப் பெருக்கு 11. அதில் ஒன்றுக்கு மேலுள்ள 10-இல் ஐந்தில் ஒரு பங்கு நம் நிலைமைக்குப் பொருந்தும் என்றால், 1-உடன் 2 சேர்ந்து 3 மடங்கு. தெளிவற்ற தகவலுக்கு உச்சம் 4. அதேபோல் ஒன்றுக்கு மேலுள்ள 3-இல் பாதி என்றால் 2.5 மடங்கு. விடை 0.0225, அதாவது நூறில் இரண்டேகால். அறிக்கையில் கௌரவமாக உட்காரும் எண்.

அதே சோதனையை, ஆழ்ந்த புரிதலும் திறமையும் தேவைப்படும் சிக்கலான வேலை என்ற வகையில் வையுங்கள். அடிப்படை 0.16. அதே பெருக்குகள். விடை 1.2 என்று வருகிறது. ஒன்றுக்கு மேல் வாய்ப்பு கிடையாது என்பதால் 1 என்று எழுத வேண்டும். அதாவது பிழை நடந்தே தீரும். ஒரே வேலை, ஒரே மேடை, ஒரே ஆட்கள். மதிப்பீட்டாளர் எந்த வரிசையில் விரலை வைத்தார் என்பதைப் பொறுத்து விடை நாற்பது மடங்குக்கு மேல் மாறுகிறது. எந்த வரிசை சரி? அந்தச் சோதனையை எப்படி நடத்துவது, முடிவை எப்படிப் படிப்பது என்பதற்கு அன்று அரசு விதியும் இல்லை, தொழிலுக்குப் பொதுவான எழுதிய நடைமுறையும் இல்லை என்று பின்னால் வந்த விசாரணைகள் கண்டன. பேலாப்பூரில் உட்கார்ந்து முதல் வரிசையைத் தேர்ந்தெடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. மேடைக்குப் போய்க் கேட்டவருக்குத்தான் தெரியும்.

இப்படிச் சொன்னதால் எண்களை ஒதுக்கிவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தெர்ப் முறையில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் தவறிய பிறகு அவரைச் சரிபார்க்கும் இரண்டாமவரும் தவற எவ்வளவு வாய்ப்பு என்று அது கேட்கிறது. இருவரும் நெருக்கமாகச் சார்ந்திருந்தால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதி. சார்பு குறைந்தால் இருபதில் ஒன்று வரை இறங்கும். நம் ரிக்குகளில் ஒரே அறையில், ஒரே திரையைப் பார்த்து, ஒரே மூத்தவரின் சொல்லைக் கேட்டு நிற்கும் நான்கு பேரின் கையெழுத்தை நான்கு சரிபார்ப்பு என்று கணக்கில் எழுதுகிறோம். அந்தக் கணக்கு பொய் என்பதை இந்த ஒரு சூத்திரம் காட்டிவிடும். மேலாளரிடம், "கரையிலிருந்து தனியாக மானிகளைப் பார்க்கும் ஓர் ஆள் தேவை" என்று வாதாட வேண்டுமானால் இதைவிட நல்ல கருவி கிடையாது. இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிடும்போது எண் உதவுகிறது. ஒரே ஏற்பாட்டைப் பார்த்து "இது பாதுகாப்பானது" என்று சான்றிதழ் கொடுக்கும்போது அதே எண் ஏமாற்றுகிறது.

தடைகளை வரைவது

கழுத்தில் கட்டும் வில் முடிச்சு போன்ற வடிவில் தடைகளை வரையும் போ-டை வரைபடத்தைப் பார்க்காத பாதுகாப்புப் பொறியாளர் இன்று இல்லை. நடுவில் கட்டுப்பாட்டை இழந்த கிணறு, இடப்பக்கம் அதற்குக் கொண்டுபோகும் காரணங்கள், வலப்பக்கம் விளைவுகள், இடையிடையே தடைகள். இதன் பெரிய நன்மை, எல்லாருக்கும் உடனே புரியும். கம்பெனி மேனும் (ரிக்கில் எண்ணெய் நிறுவனத்தின் பிரதிநிதி) சமையற்கட்டு மேற்பார்வையாளரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசலாம். ஒரு வாரத்தில் வரைந்துவிடலாம். ஒரு தடை பழுதானால் அடுத்து என்ன நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

குறையும் அங்கேதான். மட் ஒரு தடை, சிமெண்ட் ஒரு தடை, அழுத்தச் சோதனை ஒரு தடை, கிணற்றில் ஓட்டம் தெரிகிறதா என்று கவனிப்பது ஒரு தடை, கிணற்று வாயை அவசரத்தில் அடைக்கும் பிஓபி என்ற வால்வுத் தொகுதியை மூடுவது ஒரு தடை என்று ஐந்து பெட்டிகள் வரிசையாக நிற்கும். மகோண்டோவில் இவற்றில் மூன்று, ஒரே சிறு குழுவின் ஒரே நம்பிக்கையில் தொங்கின. சோதனை வெற்றி என்று நம்பியவர்கள்தாம் மானிகளைக் கவனிக்க வேண்டியவர்கள். கிணறு அடைபட்டுவிட்டது என்று நம்பும் ஒருவர், அது பொங்குகிறதா என்று எவ்வளவு கூர்மையாகப் பார்ப்பார்? அதே மாலையில் மட்டைப் பக்கத்துக் கப்பலுக்கு ஏற்றும் வேலையும் நடந்ததால், தொட்டியில் மட்டின் அளவு கூடுகிறதா என்று பார்ப்பதும் கடினமாயிற்று. பிஓபியை மூட முடிவெடுக்க வேண்டியதும் அதே கைகள்தாம். படத்தில் தனித்தனிப் பெட்டிகள். மேடையில் ஒரே முடிவு. அந்த முடிவு பிழைத்ததும் மூன்றும் சேர்ந்து விழுந்தன.

ஆகவே போ-டை வரைபவர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே, அதை இயக்கும் ஆளின் பொறுப்பை எழுத வேண்டும்: இரவு டிரில்லர் (துளையிடும் கருவியை இயக்குபவர்), மட் பொறியாளர், டூல்புஷர் (ரிக் குழுவின் மேற்பார்வையாளர்) என்று. ஒரே பொறுப்பு மூன்று பெட்டிகளில் வந்தால் அவற்றை ஒரு பெட்டியாக எண்ண வேண்டும். அரை நாள் வேலை இது. நான் பார்த்த வரைபடங்களில் மிகச் சிலவற்றில்தான் இது செய்யப்பட்டிருக்கிறது, அது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கூடவே நடந்து பார்ப்பது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். ஆகவே இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரம் பிடிக்கும். ரிக்கில் ஓர் இரவு தங்குவது என்றால் ஜூஹூவிலிருந்து ஹெலிகாப்டரில் இருக்கையும், மேடையில் படுக்கையும் வேண்டும். இரண்டுக்கும் எப்போதும் தட்டுப்பாடு. கிடைக்கும் தகவல் அட்டவணையில் அழகாக அடங்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல்: அதிகாரி அருகில் இருந்தால் ஆட்கள் நடைமுறைப் புத்தகத்தை ஒப்பிப்பார்கள். அவர் இல்லாத நேரத்தில், இரவு ஷிஃப்டில், தேநீரோடு உட்கார்ந்தால்தான் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பது வெளியே வரும்.

செய்யும் விதம் எளிது. அந்தக் கிணற்றில் தவறினால் மீள முடியாத வேலைகள் ஐந்தாறு இருக்கும். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். டிரில்லர், உதவி டிரில்லர், மட் பொறியாளர் மூவரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டும். எந்த மானியைப் பார்ப்பீர்கள்? என்ன எண் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? வேறு எண் வந்தால் யாரை அழைப்பீர்கள்? இரவு 2 மணிக்கு அவர் எழுந்து வருவாரா? நீங்களாகவே நிறுத்தலாமா? முன்பு யாராவது நிறுத்தியபோது என்ன நடந்தது?

காரைக்கால் பக்கத்து நரிமணம் கிணறுகளில் தொழில் பழகி, பின்னர் மும்பைக் கடலில் டிரில்லராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் முலுண்டில் இருக்கிறார். கடைசிக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை இளைஞர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். "நிறுத்துவதற்கு உரிமை இருக்கிறது தம்பி. எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்திருந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்துவான். எழுதாமல் விட்டால், மூத்தவர் ஒரு விளக்கம் சொல்வார். அதை மறுக்க இருபது வருட அனுபவம் வேண்டும்." மகோண்டோ மேடையில் நடந்ததை இதைவிடச் சுருக்கமாக எந்த விசாரணை அறிக்கையும் சொல்லவில்லை என்பது என் எண்ணம். இந்த அளவுக்கு மேல் அழுத்தம் காட்டினால் சோதனை தோல்வி என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருந்தால், விளக்கத்துக்கே இடம் இருந்திருக்காது.

கூடவே நடந்து பார்ப்பதில்தான் தெரியவரும் இன்னொரு விஷயம், தகவல் எங்கே தங்கிவிடுகிறது என்பது. வட கடலில் பைப்பர் ஆல்பா மேடை 1988 ஜூலை 6 அன்று எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். பம்புக்கு ஒரு பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), வால்வுக்கு வேறொரு பெர்மிட். வால்வு வேலை நிறுத்திவைக்கப்பட்ட செய்தி ஷிஃப்ட் மாறும்போது கைமாறவில்லை. இரவில் இன்னொரு பம்பு நின்றுபோக, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் இதை இயக்கினார்கள். பெர்மிட் முறை இருந்ததா என்று கேட்கும் எந்தப் பட்டியலும் 'இருந்தது' என்றே குறித்திருக்கும். ஒரு மாலை ஷிஃப்ட் மாற்றத்தின்போது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால், நிறுத்திய பெர்மிட்டுகள் வேறோர் அறையில் கிடப்பது தெரிந்திருக்கும்.

நம் மேடைகளுக்கே உரிய ஒன்றும் உண்டு. பெர்மிட் ஆங்கிலத்தில் இருக்கும். வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்பு விளக்கமான டூல்பாக்ஸ் பேச்சு இந்தியில் இருக்கும். தூத்துக்குடியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்த தளத் தொழிலாளி தலையசைத்துக் கையெழுத்திடுவார். அவரைத் தனியே அழைத்துத் தமிழில், "இந்த வேலையில் எப்போது ஓடி வந்து சொல்வீர்கள்?" என்று கேட்டால் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். ஹார்ட் முறையின் பெருக்கு எண்ணோ போ-டையின் பெட்டியோ இதைச் சொல்லாது.

இயந்திரத்திடம் விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு சிறு பதில். மகோண்டோ பிஓபியில் மனித உதவியின்றித் தானே இயங்க வேண்டிய அமைப்பு இருந்தது. அதன் இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றில் மின்கலம் தீர்ந்திருந்தது, மற்றொன்றில் கம்பி தவறாக இணைக்கப்பட்டிருந்தது என்று அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் கண்டது. பிழை டிரில்லரின் கையிலிருந்து, முன்பே கம்பி இணைத்தவரின் கைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தானியங்கி தேவை, அதையும் நடந்து பார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மும்பைக்காரர்கள் மறக்காத 2005 ஜூலை 27-க்கு வருவோம். அதற்கு முந்தைய நாள் நகரமே வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. கடலில் சமுத்திர சுரக்ஷா என்ற கப்பலில் ஒரு சமையற்காரரின் விரல் நுனிகள் வெட்டுப்பட்டன. மழைக்காற்றில் ஹெலிகாப்டர் வர வழியில்லை. கிரேன் கூடையில் மும்பை ஹை வடக்கு மேடைக்கு ஏற்றலாம் என்று கப்பல் நெருங்கியது. கணினி உதவியோடு கப்பலை நிலைநிறுத்தும் ஏற்பாட்டில் கோளாறு. ஆகவே கைமுறையாக ஓட்டினார்கள். அலை தூக்கி அடித்ததில் கப்பலின் ஹெலிகாப்டர் தளம், மேடையின் வெளிப்புறத்தில் போதிய கவசமின்றி இறங்கிய வாயுக் குழாயில் மோதியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் மேடை எரிந்து சரிந்தது. 22 பேர் இறந்தார்கள். 362 பேர் மீட்கப்பட்டார்கள்.

எண் முறை இதை மாலுமியின் கைத்தவறு என்ற ஒரு பின்னமாக எழுதும். போ-டை இங்கே மிக நன்றாக வேலை செய்யும்: குழாய்க்கும் கப்பலுக்கும் நடுவே மனிதக் கையைத் தவிர எதுவுமில்லை என்பதை ஒரே பார்வையில் காட்டிவிடும். பருவமழையில், காற்றடிக்கும் பக்கம், கோளாறுள்ள கப்பலில் ஆளை ஏற்றுவதா வேண்டாமா என்று யார், எந்த அளவுகோலை வைத்து முடிவெடுப்பார்கள் என்ற கேள்வியை நடந்து பார்க்கும் முறைதான் எழுப்பும். காயம்பட்டவருக்கு உதவ வேண்டும் என்ற நல்ல மனத்தோடு எடுத்த முடிவு அது. நல்ல மனத்துக்கும் முன்கூட்டிய எல்லை வேண்டும். 2021 மே மாதம் டவ்தே புயலில் பி-305 தங்குமிடப் படகு மூழ்கி 70-க்கும் மேற்பட்டோர் இறந்ததும், எப்போது கிளம்புவது என்ற முடிவைச் சுற்றித்தான்.

ஆகவே என் பரிந்துரை: ஆறு வாரத்தில் முதல் வாரம் போ-டை, ஆளின் பொறுப்போடு சேர்த்து. அதிலிருந்து ஐந்தாறு வேலைகளைத் தேர்ந்தெடுத்து, அடுத்த மூன்று வாரம் நடந்து பார்த்தலுக்கு. அதில் குறைந்தது இரண்டு இரவுகள் ரிக்கில் இருக்க வேண்டும். ஐந்தாம் வாரம் ஒவ்வொரு வேலைக்கும் நிறுத்த வேண்டிய எண்ணை எழுதி, டிரில்லர்களிடமே காட்டித் திருத்த வேண்டும். மிச்ச நாளில், இரண்டு ஏற்பாடுகளுக்கு நடுவே தேர்வு உள்ள இடத்தில் மட்டும் எண் கணக்கு.

இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தாது. புதிதாகக் கட்டப்படும் மேடைக்கு இன்னும் ஆட்களே இல்லை, நடந்து பார்க்க இடமில்லை. அங்கே போ-டையும் எண்ணும்தான் முன்னால் வர வேண்டும், ஏனென்றால் குழாயை எந்தப் பக்கம் இறக்குவது என்பது போன்ற முடிவுகள் வரைபடத்தில் இருக்கும்போதே மாற்றக்கூடியவை. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடல், உயர் அழுத்தக் கிணறுகளுக்கு மூன்றும் முழுமையாக வேண்டும். ஆறு வாரமும் மூன்று ஆட்களும் போதாது என்று எழுதிக் கொடுத்துவிடுவதுதான் நேர்மை.

மேலாளர் செலவைக் குறைக்கச் சொன்னால் எண் கணக்கை விட்டுக்கொடுங்கள். ரிக்கில் தங்கும் இரண்டு இரவுகளை விட்டுக்கொடுக்காதீர்கள். ஹெலிகாப்டர் இருக்கைக்கும் படுக்கைக்கும் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். போகும் மூவரின் கடல் உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று அதற்கும் முன்னால் பாருங்கள். அது இல்லாமல் ஜூஹூவில் ஏற்றமாட்டார்கள்.